இணையதள முகவரியின் இறுதியில் எந்தப் பின்னொட்டு: டாட் காம் போன்ற பொதுவானதா, ஒரு நாட்டுக்குரிய நாட்டுக் குறியீடா?

கேள்வி:
நான் தொடங்கவிருக்கும் கணிதப் பாடத் தளத்துக்கு விரும்பிய டாட் காம் பெயர் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் ஒரே நாட்டு மாணவர்களுக்குத்தான் பாடங்கள் என்றாலும், பின்னர் பிற நாட்டினரும் வருவார்கள் என எதிர்பார்க்கிறேன். அந்நாட்டுக் குறியீட்டை வாங்கலாமா, டாட் ஐஓ எடுக்கலாமா?

முதல் பதில்:
நாட்டுக் குறியீட்டைக் கூகுள், அந்நாட்டு வாசகர்களுக்கான தளம் என்பதன் வலுவான அடையாளமாகக் கொள்கிறது. ஆகவே இன்று உள்நாட்டுத் தேடலில் உதவும் அதே பின்னொட்டு, நாளை நீங்கள் வெளியே விரியும்போது தடையாகலாம். டாட் ஐஓ, டாட் டிவி ஆகியவையும் நாட்டுக் குறியீடுகளே. ஆயினும் கூகுள் அவற்றைப் பொதுப் பின்னொட்டுகளைப் போலவே நடத்துகிறது. உங்கள் திட்டத்துக்குப் பொதுவான ஒன்றே பொருந்தும். பெயரைச் சற்று மாற்றியேனும் டாட் காம் கிடைக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலோர் நினைவிலிருந்து தட்டச்சு செய்வது அதைத்தான்.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நாட்டுக் குறியீட்டின் விதிகளும் ஆயுளும் அந்தந்த அரசியலைச் சார்ந்தவை என்பதையும் மறக்க வேண்டாம். யூகோஸ்லாவியா கலைந்தபின் அதன் டாட் ஒய்யூ 2010இல் முற்றிலும் நீக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியபோது, பிரிட்டனிலிருந்து ஒன்றியத்தின் டாட் ஈயூ பெயர் வைத்திருந்த பலர் தகுதியிழந்தனர்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பெயரோடு ‘பாடம்’ என்ற சொல்லைச் சேர்த்து டாட் காமிலேயே தேடுகிறேன்.