வர்த்தகச் சின்னப் பதிவு: சுங்கை சிப்புட்டிலிருந்து இரு அனுபவங்கள்

மாவு மில் நடத்துபவர்:

எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டாலே அந்தப் பெயர் தமக்கு மட்டும் உரியதாகிவிடும் என்று எங்கள் வட்டாரச் சிறு வியாபாரிகள் பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. வர்த்தகச் சின்னத்தை மைஐபிஓ எனும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தனியாகப் பதிய வேண்டும்.

எங்கள் மசாலைத் தூளுக்காக ஓர் ஏஜெண்டு வழியாக விண்ணப்பித்தோம். பெயரில் 'அஸ்லி' (மலாயில் 'அசல்') என்ற சொல் இருந்ததால், பொருளின் தன்மையை மட்டுமே சொல்லும் பெயர் என 2019-ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் ஆட்சேபம் வந்தது. அது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் கடிதம் ஏஜெண்டின் மின்னஞ்சலுக்குப் போய், அவர் கண்டுகொள்ளாமல் விட்டதால், பதிலளிக்க இருந்த 2 மாதக் கெடு நெருங்கிய பிறகே எங்களுக்குத் தெரிய வந்தது. பாக்கெட்டில் உள்ள அம்மிக்கல் படமும் எழுத்தும் சேர்ந்த முழு வடிவத்தை முன்வைத்து, அவசர அவசரமாகப் பதில் எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு பதிவு அலுவலகத்தின் செயல்திறனை எத்தனை மாதத்தில் சான்றிதழ் தருகிறது என்பதைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. ஆட்சேபக் கடிதம் ஏஜெண்டுக்குப் போகும் அதே நேரத்தில் உரிமையாளரின் கைப்பேசிக்கும் ஒரே வரியில் ஒரு தகவல் போனால், எங்களைப் போன்றோரின் பாதித் தலைவலி தீரும். நல்ல ஏற்பாடுகள் இல்லாமலில்லை. 2019 சட்டத்தோடு வந்த கட்டண முறையில், ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து பொருள்களைத் தேர்ந்தால் ஒரு வகுப்புக்கு (பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்து வைத்திருக்கும் பிரிவு) 950 ரிங்கிட், சொந்தமாக எழுதினால் 1,100 ரிங்கிட் என்று வைத்தார்கள். விண்ணப்பதாரருக்குப் பணம் மிச்சம், பரிசோதகருக்கு வேலை மிச்சம்.

முறுக்கு, ஊறுகாய் வியாபாரி:

அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் கோளாறு அதற்கும் முன்னாலேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம். முறுக்கு 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29-ஆம் வகுப்பு என்பதே எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்க இப்போது சட்டம் இடம் தந்தாலும், கட்டணம் வகுப்புக்கு வகுப்பு தனிதான். மைஐபிஓ அலுவலகம் இருக்கும் பெட்டாலிங் ஜெயா இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போடுபவர் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு அங்கே போய்க் கேட்க முடியுமா? மாவட்ட அலுவலகங்களில் அவ்வப்போது ஓர் அதிகாரி வந்து அமர்ந்து, விண்ணப்பிக்கும் முன்பே வகுப்பையும் பெயரையும் பார்த்துச் சொன்னால், பின்னால் எழுதும் ஆட்சேபக் கடிதங்களே குறையும்.