துடுப்பை மடியில் வைத்தால்தான் ஓடை கண்ணில் படும்: மூவரின் கயாக் அனுபவங்கள்

ஓடை நெடுக எங்களுக்கு முன்னால் ஒரு மீன்கொத்தி போய்க்கொண்டே இருந்தது. கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் குறுகலான சிறு படகு) நெருங்கினால் ஒரு கத்து கத்திவிட்டு, தாழப் பறந்து, கொஞ்சம் தள்ளி அடுத்த கிளையில் உட்காரும். நாங்கள் அங்கே போனால் மறுபடியும் அதே கதை. "பாவம்டா, அதை விரட்டிக்கிட்டே வர்றோம்" என்றான் நண்பன். உண்மைதான். மீன்கொத்திகள் பொதுவாக ஓடையில் தனக்கென்று ஒரு துண்டைப் பிடித்து வைத்திருக்கும். அதைத் தாண்டிப் போக மனசு வராது. ஒரு வளைவில் சட்டென்று திரும்பி, எங்கள் பக்கவாட்டில் விர்ரென்று வந்த வழியே போய்விட்டது. எல்லை முடிந்துவிட்டது போல.

இரட்டை இருக்கை கயாக்கில் வந்த இருவருக்கும் பாதி வழி சண்டை. முன்னால் இருப்பவர் வேகத்தைப் பிடிக்க வேண்டும், பின்னால் இருப்பவர் அதற்கேற்பத் துடுப்பு போட்டுத் திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் இருந்தவனோ பேசுவதற்காகத் திரும்பிக்கொண்டே இருந்தான். துடுப்புகள் மோதும், கயாக் புதருக்குள் போகும். கடைசியில் எல்லாரும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, ஒருத்தர் கயாக்கின் விளிம்பை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போனோம். பயணமே அதற்கப்புறம்தான் தொடங்கியது என்பேன்.

மரநிழல் விலகி வெயில் விழுந்த ஒரு இடம். தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இல்லை, அடியில் மணல் தெரிகிறது. தண்ணீர்மேல் ஓடுமே நீண்ட கால் பூச்சி, அது நின்றிருந்தது. கால்கள் நூல் மாதிரி. ஆனால் அடிமணலில் விழுந்த நிழலில் காலுக்குப் பதில் கொழுத்த கறுப்பு வட்டங்கள்! கால் ஊன்றிய இடத்தில் தண்ணீரின் மேற்பரப்பு கிழியாமல் குழிந்துபோகிறது. அந்தக் குழி வெளிச்சத்தை விலக்கிவிடுவதால் வரும் நிழல் அது. பூச்சி ஒரு எட்டு வைத்தால் வட்டங்களும் கூடவே வழுக்கிப் போகும். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை, சண்டைக்காரர்கள் உட்பட.

*

ஆமை பார்த்தவர்கள் யாரும் இல்லையா? நீரில் சாய்ந்து கிடக்கும் மரக்கட்டையை விடாதீர்கள். அவற்றுக்கு உடம்பில் சூடு தானாக வராது, வெயிலில்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்காக வரிசையாக ஏறிப் பின்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கும். ஒன்று 'பொளக்' என்று குதித்தால் போதும், மற்றவையும் மளமளவென்று விழுந்துவிடும். தூரத்திலேயே துடுப்பை நிறுத்திவிடுங்கள். கையை உயர்த்தும் அசைவுதான் அவற்றைக் கலைக்கிறது. அப்படி மிதந்துபோய் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் கடந்தோம். கழுத்தை நீட்டிப் பார்த்தது, அவ்வளவுதான், மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சிலந்தி மடியில் விழும். எங்கள் கூட்டத்தில் மிக தைரியசாலி போட்ட கூச்சலில் ஓடையில் இருந்த பறவை எல்லாம் காலி.

*

மேலே எழுதியவர் சொன்ன சாய்ந்த கட்டை ஓரமாக இருந்தால் அழகு. ஓடையின் குறுக்கே விழுந்திருந்தால் கிட்டே போகாதீர்கள், மெதுவான ஓடையாக இருந்தாலும்தான். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். அப்படியும் கயாக் பக்கவாட்டில் போய் மரத்தில் மோதிவிட்டால் மரத்தின் பக்கம் சாயுங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வரும் நீரோட்டம் கயாக்கின் விளிம்பின் மேல் ஏறிக் கவிழ்த்துவிடும். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு போவதும் போடாமல் போவதும் ஒன்றுதான்.

நாங்கள் அப்படி ஒரு மரத்துக்கு முன்னாலேயே கரையேறி, கயாக்கைத் தூக்கிச் சுற்றிக்கொண்டு போனோம். கணுக்கால்வரை சேறு, ஒரே புலம்பல். அந்தச் சேற்றில்தான் நீர்நாயின் தடம் இருந்தது, ஐந்து விரலும் தெளிவாக. பக்கத்துக் கல்லின்மேல் மீன் செதிலும் முள்ளுமாக அதன் எச்சம், இன்னும் காயாமல். நீர்நாய் மட்டும் வரவில்லை. வால் தெரிந்தது என்று ஒருத்தன் இன்றுவரை சாதிக்கிறான். மற்ற யாரும் பார்க்கவில்லை.