ஒரே ரிமோட்ல ரெண்டு மூணு கம்ப்யூட்டர ஓட்ட வழி இருக்கா? அம்மாவுக்காக கேக்கறேன்

பாளை_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதறேன், பொறுமையா படிச்சிட்டு வழி சொல்லுங்க.

வீட்ல மூணு கம்ப்யூட்டர் இருக்கு. ஹால்ல டிவியோட சேத்து ஒரு பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10, அதுல படம் பாட்டு போடற கோடிங்கற (Kodi) ப்ளேயர், யூஎஸ்பில ஒரு எம்சிஈ (விண்டோஸ் மீடியா சென்டர்) ரிமோட் ரிசீவர். ஹாலை ஒட்டின ரூம்ல அம்மா கட்டில் தலைமாட்டுல ஒரு ராஸ்ப்பெர்ரி பை 3 (உள்ளங்கை அளவு குட்டி கம்ப்யூட்டர், சுருக்கமா 'பை'), கோடிய ஓட்டறதுக்குன்னே இருக்கற லிப்ரஎலெக் சிஸ்டம் போட்டு, சின்ன மானிட்டர், ரெண்டு ஸ்பீக்கர். அதுக்கு நானே டிஎஸ்ஓபி 1738னு ஒரு ரிமோட் சிக்னல் வாங்கற சென்சார் வாங்கி, 5 வோல்ட் பின்ல சப்ளை குடுத்து, அவுட்புட்ட பையோட ஜிபிஐஓ 18ங்கற சிக்னல் பின்ல மாட்டிருக்கேன். மூணாவது கம்ப்யூட்டர் மாடில இருக்கு, படம் பாட்டு மொத்தமும் அந்த ஹார்ட் டிஸ்க்லதான் கெடக்கு.

அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு, நினைச்சப்ப எந்திரிச்சு நடக்க முடியாது. ஒரே ஒரு ரிமோட்தான் அவங்களுக்கு பழக்கம், பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்ட் சுத்தி வச்சிருக்கற அந்த எம்சிஈ ரிமோட். அதுலயே ரெண்டு மெஷினும் ஓடட்டும்னு நான்தான் செட் பண்ணினேன், அங்கதான் சிக்கல். நடுவுல இருக்கற கதவை சாத்தறதே இல்ல, அம்மா பட்டனை அமுக்கினா பையும் கேக்குது, சுவத்துல பட்டு ஹால் மெஷினும் கேக்குது. முந்தாநேத்து அப்பா ஹால்ல செய்தி பாத்துட்டிருக்காங்க, அம்மா ரூம்ல பாட்ட நிறுத்தறதுக்கு அமுக்கினாங்க, அங்க செய்தி நின்னு போச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா அதுலருந்து அம்மா பாட்டு போடறதையே விட்டுட்டாங்க. "இருக்கட்டும்ல, எனக்கு என்ன பாட்டு வேண்டிக்கெடக்கு"ன்னு சொல்றாங்க. அது எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு.

ரிமோட் ஒண்ணுதான் இருக்கணும், அவங்க எந்த மெஷின நினைக்கறாங்களோ அது மட்டும் கேக்கணும். முடியுமா?

கோவை_டெக்கி:

ப்ரோ, ஃபோன்ல கோரே ஆப் போட்டு பாத்தீங்களா? கோடிக்குன்னே இருக்கற ஆப், ரெண்டு மெஷினையும் தனித்தனி பேர்ல சேத்து வச்சுக்கலாம், வைஃபைல போறதால சுவர் கதவு பிரச்சனையே கிடையாது. ரெண்டு கோடிலயும் நெட்வொர்க்ல (எச்டிடிபி) வழியா கன்ட்ரோல் பண்ண அனுமதி குடுத்துடணும், போர்ட் 8080. எங்க வீட்ல நாலு வருஷமா அப்படித்தான் ஓடுது.

இல்லன்னா எச்டிஎம்ஐ சிஈசி, அதாவது டிவி ரிமோட் அமுக்கறத எச்டிஎம்ஐ கேபிள் வழியாவே மெஷினுக்கு அனுப்பற வசதி. பைல அது உள்ளயே இருக்கு, டிவி ரிமோட்டே பைய ஓட்டும்.

பாளை_பையன்:

கோரே நான் வச்சிருக்கேன் ப்ரோ, எனக்கு அது ஓகே. அம்மா கைல டச் ஃபோன குடுத்தா லாக் எடுக்கறதுக்குள்ள பாட்டே வேண்டாம்னு வச்சிருவாங்க, விரல்ல தொட்டு பாத்தே அமுக்கற பட்டன்தான் அவங்களுக்கு சரி. சிஈசியும் ஆகாது, ரூம்ல டிவி இல்ல, வெறும் மானிட்டர். ஹால் டெஸ்க்டாப்லயும் அது கிடையாது.

சோல்டரிங்_மாமா:

தம்பி, மத்தத அப்புறம் பேசலாம், முதல்ல அந்த பைய ஆஃப் பண்ணி டிஎஸ்ஓபி 1738ஐ கழட்டு. அது 5 வோல்ட் ஆளு. அதோட அவுட்புட் சும்மா இருக்கும்போது 5 வோல்ட்ல நிக்கும், பையோட ஜிபிஐஓ பின் தாங்கறது 3.3 வோல்ட்தான். உள்ள ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியா வர்றதால கரண்ட் கம்மி, அதனால இன்னும் உயிரோட இருக்கு. என்னைக்கு போகும்னு சொல்ல முடியாது.

டிஎஸ்ஓபி 4838 வாங்கு, அது 2.5 வோல்ட்லருந்தே வேலை செய்யும், பைல 3.3 வோல்ட் பின்லயே சப்ளை எடுத்துக்கலாம். 4836 கிடைச்சா இன்னும் நல்லது. உன் எம்சிஈ ரிமோட் பேசற சிக்னல் மொழி ஆர்சி6, அது 36 கிலோஹெர்ட்ஸ்ல துடிக்கும், நீ போட்டிருக்கறது 38க்கு ட்யூன் பண்ணது. கேக்கும், ஆனா தூரம் கொறையும்.

ஒண்ண மட்டும் நல்லா கவனி, கால் வரிசை மாறும். 1738ல குமிழ் உன்ன பாத்த மாதிரி வச்சா இடதுலருந்து கிரவுண்ட், சப்ளை, அவுட்புட். 48 சீரிஸ்ல அவுட்புட், கிரவுண்ட், சப்ளை. பழைய சாக்கெட்லயே அப்படியே சொருகினா போச்சு. சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைல ஒரு பையன் என் கண்ணு முன்னாடியே ரெண்ட சூடாக்கிட்டான், தொட்டா விரல் சுடுது. சப்ளை லைன்ல ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், பக்கத்துல சின்ன கெப்பாசிட்டர் போடு, சப்ளைல வர்ற தொந்தரவு கொறையும்.

ரிமோட் சிக்னல் சரியா வருதான்னு பாக்க ஃபோனோட முன் கேமராவ ஆன் பண்ணி ரிமோட் நுனிய அதுக்கு காட்டி அமுக்கு, ஊதா நிறத்துல மினுக்கும். அந்த பிளாஸ்டிக் கவர் மஞ்சளா அழுக்கேறி இருந்தா நுனில மட்டும் வெட்டி விட்டுரு.

லினக்ஸ்_அக்கா:

மாமா சொன்னத முதல்ல செய்ங்க. ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன், இதுக்கு புது ரிமோட் எதுவும் வாங்க வேண்டாம்.

நிறைய பேர் என்ன சொல்வாங்கன்னா, டிவி, டிவிடி, ஆக்ஸ்னு மேல பட்டன் இருக்கற யூனிவர்சல் ரிமோட் வாங்கு, டிவிடி அமுக்கினா ஹால், ஆக்ஸ் அமுக்கினா ரூம்னு. அது வேலை செய்யும், தப்பில்ல. ஆனா இப்ப எந்த மோட்ல இருக்குன்னு அம்மா ஞாபகம் வச்சுக்கணும், மறந்துட்டா மறுபடியும் அப்பாவோட செய்திதான் நிக்கும். எம்சிஈ ரிமோட்லயே எட்டு ஐடி (அடையாள நம்பர்) வரைக்கும் மாத்திக்கலாம்னும் சொல்வாங்க, ஆனா அது ஆளுக்கொரு ரிமோட்னு ரெண்டு ரிமோட் வச்சிருக்கற வீட்டுக்குத்தான் சரி.

ரிமோட்டுக்கு எதிர்ல எத்தன மெஷின் இருக்குன்னே தெரியாது, அது பாட்டுக்கு கத்திட்டு போயிடும். யார் காதுல வாங்கணும்ங்கறத ரிசீவர் பக்கம்தான் முடிவு பண்ணணும். அதனால பட்டன்கள பிரிச்சு குடுத்துடுங்க. அம்புக்குறி, ஓகே, ப்ளே, பாஸ், வால்யூம் எல்லாம் ஹாலுக்கு. நம்பர் பட்டன் மட்டும் அம்மா ரூமுக்கு.

வேற கம்ப்யூட்டர்லருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியா கமாண்ட் அடிக்கற வழி) போட்டு பைக்குள்ள போங்க. கோடிய நிறுத்திட்டு ஐஆர்-கீடேபிள்ங்கற கமாண்ட டெஸ்ட் மோட்ல ஓட்டி, நம்பர் பட்டன ஒவ்வொண்ணா அமுக்குங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்கேன்கோட் (அந்த பட்டனோட அடையாள எண்) வரும், எழுதி வச்சுக்கோங்க. கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ள ஆர்சி-கீமேப்ஸ்னு ஒரு இடம் இருக்கும், அங்க புதுசா ஒரு ஃபைல் போட்டு உங்களுக்கு வேண்டிய அஞ்சு கோட மட்டும் எழுதுங்க. மத்தது எதையும் எழுதாதீங்க, எழுதாத பட்டன் அந்த பைய பொறுத்தவரைக்கும் இல்லவே இல்ல. அப்புறம் ஆர்சி-மேப்ஸ் கான்ஃபிக் ஃபைல்ல உங்க ஃபைல் பேர குடுத்து ரீபூட்.

அடுத்து பையோட கோடி கீமேப்ல (எந்த பட்டனுக்கு என்ன வேலைன்னு எழுதற ஃபைல்), ஒண்ணு அமுக்கினா காலைப் பாட்டு ப்ளேலிஸ்ட் ஓடணும், ரெண்டு அமுக்கினா பழைய பாட்டு, ஸீரோ அமுக்கினா நிறுத்து. 3 வால்யூம் ஏத்த, 6 இறக்க. ஏன் 3உம் 6உம்னா கீபேடுல அது மேலயும் கீழயும் வலது ஓரத்துல இருக்கு, பாக்காமலே விரல் கண்டுபிடிச்சுரும். மெனுவுக்குள்ள போயி தேடற வேலையே அவங்களுக்கு இருக்கக் கூடாது, ஒரு பட்டன் ஒரு பாட்டு.

ஹால் மெஷின்ல இதுக்கு நேர் எதிர், அங்க கோடி கீமேப்ல அந்த அஞ்சு நம்பருக்கும் நோ-ஆப்னு (எதுவும் செய்யாதே) போட்டுடுங்க, கேட்டும் கேக்காத மாதிரி இருக்கும்.

மாடிவீட்டுக்காரன்:

மாடி மெஷின யாருமே சொல்லலயே. அதுக்கு ரிமோட்டே தேவையில்ல சகோ, வேக்-ஆன்-லேன் போடுங்க, தூங்கற மெஷின நெட்வொர்க் வழியா எழுப்பற வசதி அது. பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போது வர்ற அடிப்படை செட்டிங்) அத ஆன் பண்ணணும், விண்டோஸா இருந்தா நெட்வொர்க் கார்டு செட்டிங்லயும் ஆன் பண்ணணும், விண்டோஸோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் செட்டிங்க ஆஃப் பண்ணிடணும். கேபிள்ல இருக்கட்டும், வைஃபைல நம்பாதீங்க. கோடில பவர் சேவிங் பக்கத்துலயே தூரத்து சர்வர எழுப்பறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு. அத போட்டுட்டா அம்மா 2 அமுக்கினதும் பை அங்க 'எந்திரி'ன்னு ஒரு சின்ன செய்தி (மேஜிக் பாக்கெட்) அனுப்பும், அது எழுந்து ஃபைல குடுக்கும்.

ஆனா கரண்ட் போயி வந்தா சில போர்டு ஒரு தடவ கையால ஆன் பண்ற வரைக்கும் எழும்பாது. பயாஸ்ல கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகற செட்டிங்கையும் போட்டுடுங்க.

சோல்டரிங்_மாமா:

அதுக்கு ஏன் மாடிய எழுப்பணும்? பாட்டு எவ்வளவு எடம் அடைக்கப்போகுது, அம்மா கேக்கறத மட்டும் பையோட மெமரி கார்டுலயே காப்பி பண்ணி போட்ரு. அமுக்கின உடனே வரும், அரை நிமிஷம் காத்திருந்தா வேலை செய்யலன்னு நினைச்சு இன்னும் நாலு தடவ அமுக்குவாங்க. படத்துக்கு வேணா மாடி இருக்கட்டும்.

பாளை_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரம் ஆச்சு, என்ன ஆச்சுன்னு எழுதறேன்.

4836 இங்க கிடைக்கல, 4838தான் கிடைச்சுது, மாமா சொன்ன மாதிரி கால் வரிசைய பேப்பர்ல வரைஞ்சு வச்சுட்டு மாட்டினேன். 3.3 வோல்ட், 100 ஓம், எல்லாம் போட்டாச்சு. கட்டில்லருந்து தாராளமா எட்டுது. கவர் நுனியயும் வெட்டி விட்டேன், அதுலயே பாதி பிரச்சனை இருந்திருக்கு.

கீமேப்ல ஒரு எடத்துல முழிச்சேன், மத்தவங்களுக்கு உதவும்னு சொல்றேன். ஹால்ல நம்பருக்கு நோ-ஆப் போட்டும், படம் ஓடும்போது அம்மா 2 அமுக்கினா ஹால் படம் கேக்குது. ராத்திரி பதினொண்ணு வரைக்கும் உக்காந்து பாத்தப்பதான் புரிஞ்சுது, நான் கீமேப்ல குளோபல் (எல்லா இடத்துக்கும் பொதுவான) பகுதில மட்டும் எழுதிருக்கேன், ஃபுல்ஸ்க்ரீன் வீடியோவுக்குன்னு தனி பகுதி இருக்கு, அங்க இருக்கற நம்பர் வேலைதான் ஜெயிக்குது. ரெண்டு எடத்துலயும் எழுதினதும் அடங்கிடுச்சு.

பாட்டு எல்லாம் பைலயே போட்டுட்டேன், மாடிய படத்துக்கு மட்டும் எழுப்பறோம், அதுவும் ஓடுது.

அம்மா ரிமோட்ல 1 மேல ஒரு சின்ன குங்கும நிற ஸ்டிக்கர், 2 மேல பச்சை. நேத்து அப்பா கிரிக்கெட் பாத்துட்டிருக்கும்போதே அம்மா ரூம்லருந்து 2 அமுக்கிட்டு, "அங்க நின்னு போச்சா?"ன்னு கத்தி கேட்டாங்க. "இல்ல, ஓடுது"ன்னு அப்பா சொன்னாங்க. அப்புறம் 3ஐ ரெண்டு தடவ அமுக்கி சவுண்ட ஏத்தி வச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் நிறுத்தவே இல்ல.

லினக்ஸ்_அக்கா:

படிக்கவே சந்தோஷமா இருக்கு தம்பி. அந்த கீமேப் ஃபைல் ரெண்டையும் ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சிருங்க, மெமரி கார்டு எப்ப போகும்னு சொல்ல முடியாது. 4, 5, 7, 8, 9 இன்னும் சும்மாத்தான் இருக்கு, அம்மாகிட்ட வேற என்ன பாட்டு வேணும்னு கேளுங்க.

பாளை_பையன்:

கேட்டேன் அக்கா. 5ல மழைச் சத்தம் வேணுமாம்.