பத்து பவுண்டுக்கு விலைபோன டாக்டர்

எங்கள் வீட்டில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ பார்க்காமல் ஒரு வருஷமும் கழிந்ததில்லை. அப்பா அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தப் படத்தில் எம்ஜிஆர் வைத்தியர், அதனால் அப்பாவுக்கு அது தன் சொந்தப் படம் மாதிரி. 2014-இல் டிஜிட்டலில் மறுபடி வெளியிட்டபோது முதல் நாளே கூட்டிக்கொண்டு போனேன். கப்பலில் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு வந்ததும் பக்கத்து சீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கதைக்கு வேர் 1935-இல் வந்த ‘கேப்டன் பிளட்’ என்ற ஹாலிவுட் படம் என்று ரொம்ப நாளாகத் தெரியும். பார்க்க வாய்த்தது போன பொங்கல் லீவில்தான். லேப்டாப்பை ஸ்டூலில் வைத்து அப்பாவையும் உட்கார வைத்தேன். இங்கிலீஷ் வசனம் புரியாதே, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் அவர் எனக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். “ஏட்டி, இது நம்ம கதைல்லா!”

1685, இங்கிலாந்து. மன்மத் பிரபு ராஜாவுக்கு எதிராகக் கிளம்பித் தோற்றுப்போன சமயம். பீட்டர் பிளட் என்ற ஐரிஷ் டாக்டரின் கதவை ராத்திரியில் தட்டி, அந்தக் கலகத்தில் அடிபட்ட ஒருவருக்கு வைத்தியம் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். போகிறார். காயத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே சிப்பாய்கள் வந்து அவரையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். ஜெஃப்ரீஸ் என்ற நீதிபதி முன்னால் நிற்கும்போது அவர் சொல்வது ஒன்றுதான்: எனக்கு அந்த ஆளின் காயத்தோடுதான் வேலை, அவருடைய அரசியலோடு இல்லை.

நான் பதினெட்டு வருஷமாக நர்ஸ். எங்கள் பக்கம் கோவில் கொடை சமயங்களில் நடுராத்திரி வெட்டுக்காயத்தோடு வருவார்கள். நீ எந்தக் கோஷ்டி என்று கேட்டுவிட்டா தையல் போடுகிறோம்? அந்தக் கோர்ட் சீனை மட்டும் மூன்று தடவை ஓட்டினேன்.

தூக்கில் போட்டால் காசு வராது என்று ராஜா கணக்குப் பார்த்து, கைதிகளை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளாக அனுப்புகிறார். ஜமைக்காவின் போர்ட் ராயல் துறைமுகம். தோட்ட முதலாளி கர்னல் பிஷப் ஒவ்வொருவராகப் பல்லைப் பார்த்துக்கொண்டு வருகிறான். பிளட் வாயைத் திறக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். அப்பா சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். “மாட்டுத் தாவணில பாக்க மாதிரி பாக்கானே, பாவி.” பிஷப்பின் அண்ணன் மகள் அரபெல்லா பத்து பவுண்டு கொடுத்து அவரை வாங்குகிறாள். நல்ல மனதோடு செய்கிறாள்தான். ஆனால் தன்னை விலை கொடுத்து வாங்கியவளைப் பிளட் பார்க்கும் பார்வையில் நன்றி துளியும் இல்லை, கோபம்தான் இருக்கிறது. எனக்குப் படத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இது. பிளட்டாக நடித்த எரால் ஃபிளின் அப்போது யாருக்கும் தெரியாத நடிகர். ராபர்ட் டோனாட் நடிக்க வேண்டியது, அவர் விலகியதால் இவருக்குக் கிடைத்தது. அரபெல்லாவாக வந்த ஒலிவியா டி ஹாவிலண்டுக்கு வயது 19.

கவர்னருக்கு கவுட் என்ற மூட்டு வீக்கம். வீங்கிய காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அலறுகிறார். அங்கே இருந்த இரண்டு டாக்டர்களாலும் முடியாததை அடிமை டாக்டர் சரி செய்கிறார். “யூரிக் ஆசிட்,” என்றார் அப்பா, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். அந்த வைத்தியத்தால்தான் பிளட்டுக்கு ஊருக்குள் நடமாட முடிகிறது, தப்பிக்கும் திட்டமும் அங்கேதான் முளைக்கிறது. கடைசியில் ஸ்பானியர்கள் ஊரைத் தாக்கும் ராத்திரி அவர்களுடைய கப்பலையே பிடித்துக்கொண்டு கடலுக்குள் போய், கடற்கொள்ளையர்கள் ஆகிவிடுகிறார்கள்.

கத்திச் சண்டை கலிபோர்னியாவின் லகூனா கடற்கரையில் எடுத்தது. பிளட்டோடு மோதும் பிரெஞ்சுக் கடற்கொள்ளையன் லெவசூராக பேசில் ராத்போன். குத்துப்பட்டு அவர் அலையோரத்தில் விழுந்து கிடக்க, அலை வந்து முகத்தை மூடி விலகுகிறது, மறுபடி வந்து மூடுகிறது. வெற்றி முழக்கம் எதுவும் இல்லை. இசை வியன்னாவிலிருந்து வந்த எரிக் கோர்ன்கோல்ட். மூன்றே வாரத்தில் எழுத வேண்டியிருந்ததால் சண்டைக்குப் பழைய இசைமேதை லிஸ்ட்டின் ஒரு படைப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டார். அதனால் டைட்டிலில் தன் பெயருக்கு முன்னால் இசையமைப்பு என்று போடச் சம்மதிக்காமல், இசை ஒழுங்கமைப்பு என்றே போடச் சொன்னார். அந்த நேர்மையைப் படித்த பிறகு அந்த இசை இன்னும் நெருக்கமாகிவிட்டது. கடல் சண்டையில் பாதி மாதிரிக் கப்பல்கள், பாதி பழைய ஊமைப்படத்திலிருந்து எடுத்த துண்டுகள். இயக்குநர் மைக்கேல் கர்டிஸ் வெட்டி ஒட்டியிருக்கும் வேகத்தில் அது கண்ணில் உறுத்தவே இல்லை.

ஒன்று மனதை உறுத்துகிறது, சொல்லாமல் இருக்க முடியாது. அந்தக் காலத்து ஜமைக்காத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். விடுதலை பற்றி இவ்வளவு பேசும் படத்தில் அவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். பிளட்டுக்குக் கடைசியில் கிடைப்பது போல் அவர்களுக்கு மன்னிப்பும் வராது, இங்கிலாந்தில் ராஜா மாறினாலும் விடிவு கிடையாது. இனி எத்தனை தடவை பார்த்தாலும் அந்த ஓரத்தைத்தான் என் கண் தேடும்.

படம் முடிந்ததும் அதற்கு மூலமான ரஃபேல் சபாட்டினியின் 1922 நாவலைத் தேடி எடுத்தேன். பிளட் ஜன்னலோரம் பைப் பிடித்துக்கொண்டு ஜெரேனியம் தொட்டிகளைக் கவனிப்பதில் தொடங்குகிறது. நாவலில் அடிமையாகப் போவது பார்படோஸுக்கு. அதற்கும் பின்னால் நிஜமாகவே ஒருவர் இருந்திருக்கிறார்: ஹென்றி பிட்மன், அறுவை வைத்தியர். மன்மத் படையின் காயங்களைக் கட்டியதற்காக பார்படோஸில் விற்கப்பட்டவர். எசமான் பிரம்பு சிதறும்வரை அடித்ததை அவரே எழுதியிருக்கிறார். 1687-இல் சின்னப் படகில் தப்பி, ஆளில்லாத தீவில் ஆமைக்கறி தின்று உயிர் பிழைத்திருக்கிறார். அங்கே வந்த கொள்ளையர்கள் அவருடைய படகை எரித்தே விட்டார்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“ஊருக்கு வந்து சேந்தாரா?”

“சேந்தாருப்பா. 1689-ல லண்டன்ல உக்காந்து புஸ்தகம் எழுதிருக்காரு. தங்கியிருந்த வீட்டு வாசல்ல ‘கப்பல்’ங்கற பேர்ல பலகை.”

“கப்பலா?” என்றார். அம்மாவைக் கூப்பிட்டு அவளிடமும் அதைச் சொல்வது எனக்குக் கேட்டது.