இரவுப் பணியில் அதிகாலை நான்கு மணி: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

நாகர்கோவில் செவிலியர்

பன்னிரண்டு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். இரவுப் பணி எப்படிப்பட்டது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேரே அந்த இரவுக்கு வருகிறேன். தொடர்ச்சியாக ஐந்தாவது இரவு. நான்கு மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்க ஊசிநீர்க் குப்பியை எடுத்தேன். பெயரை வழக்கம்போல் வாசித்தேன், கழுத்தை உடைத்தேன், சிரிஞ்சில் உறிஞ்சவும் தொடங்கிவிட்டேன். நோயாளிக்குத் துணையாக இருந்த அம்மாள், "மக்களே, மின்ன எடுத்தது வேற குப்பில்லா?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு. நீர்க்கச் செய்யாமல் நரம்பில் நேராக ஏற்றினால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய மருந்து அது.

அப்போது எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதுதான் இன்றும் என்னை அரிக்கிறது. கண் திறந்திருந்தது, எழுத்துகளை வாசித்தேன், பொருள் மட்டும் உள்ளே போய்ச் சேரவில்லை. இப்படி யாருக்காவது நேர்ந்திருக்கிறதா?

பல்லடம் மில்காரர்

நேர்ந்திருக்கிறது, சகோதரி. நூற்பாலையில், நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் பதினெட்டு ஆண்டுகள். எங்கள் ஆலையில் அப்போது ஒரு வாரம் இரவு, மறுவாரம் மாலை, அதற்கு அடுத்த வாரம் காலை என்று ஷிப்டு பின்னோக்கிச் சுழலும். இரவு வாரம் முடிந்து ஒருநாள் பகல் பதினொரு மணிக்குப் படுத்திருந்தேன். என் மனைவி உலுக்கி எழுப்பினார். தூக்கத்திலேயே என் இரண்டு கைகளும் அறுந்த நூலை ஒட்டுவதைப்போல் காற்றில் முறுக்கிக்கொண்டிருந்தனவாம். பக்கத்தில் என் மகன், அப்போது நான்கு வயது, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு வந்த மேலாளர் வரிசையைக் காலை, மாலை, இரவு என்று மாற்றினார். வேலை அதேதான், ஆனால் உடம்பு ஓரளவு தாங்கியது.

தஞ்சை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

இருவர் எழுதியதையும் படித்து வருந்தினேன். என் அனுபவம் சிறியது. ஓய்வு பெற்ற பின் ஆறு மாதம் எட்டு மணி வரை படுத்திருந்தேன். இரவில் உறக்கம் போயிற்று, பசி கெட்டது. ஒரு நாள் காலை உணவின்போது கையில் இட்லியுடன் அமர்ந்து, இது காலையா மாலையா என்று யோசித்தேன். மறுநாளே பழைய வழக்கப்படி நாலரை மணிக்கு எழத் தொடங்கினேன், எல்லாம் சீரானது.

நம் முன்னோர் நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தது வெறும் கவிதைக்காக அன்று என்பது என் கருத்து. ஆகவே எல்லோரும் வைகறையில் எழ வேண்டும்; எழுந்தவுடன் திறந்த வெளியில் சிறிது நேரம் நடக்க வேண்டும்; பகலுணவைப் பெரியதாகவும் இரவுணவைச் சிறியதாகவும் வைத்து, இருட்டியபின் அதிகம் உண்ணாதிருக்க வேண்டும்; மாலை நான்கு மணிக்குமேல் காப்பி கூடாது, ஏனெனில் குடித்த காப்பியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும்; படுக்கையில் கைப்பேசி கூடாது. பிள்ளைகளையும் நாலரைக்கே எழுப்பிப் படிக்க வையுங்கள். நான் முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்கு இதைத்தான் சொன்னேன்.

சேலம் அம்மா

ஐயா, உங்கள் கடைசி அறிவுரையைத்தான் நான் பின்பற்றினேன். பன்னிரண்டாம் வகுப்பு படித்த என் மகளை ஓர் ஆண்டு முழுவதும் நாலரைக்கு எழுப்பினேன். இரவு பதினொன்றுக்கு முன் அவளுக்குத் தூக்கம் வராது. வீம்பு என்று திட்டுவேன். ஒரு மார்கழிக் காலையில் கொல்லைப்புறம் போனவளைக் காணோமென்று தேடினால், துவைக்கிற கல்லில் தலை சாய்த்து, வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக உறங்கிக்கொண்டிருந்தாள். பனியில் பாவாடை நனைந்திருந்தது.

வளரிளம் பருவத்தில் தூக்கத்தை அழைக்கும் மெலட்டோனின் இரவில் பிந்தித்தான் சுரக்கத் தொடங்கும் என்று பின்னர் ஒரு மருத்துவர் சொன்னார். உங்கள் வயதில் தானாக விழிப்பு வரும் நேரம் அவளுக்கு நடு உறக்கம், ஐயா. அது தெரியாமல் ஓராண்டு அவளைத் திட்டியிருக்கிறேன்.

மேலும், அந்தச் செவிலியர் கேட்டது காலையில் எழுவதைப் பற்றி அன்று. விழித்திருக்க வேண்டிய கட்டாயம் உள்ளவரிடம் வைகறையில் எழச் சொல்லி என்ன பயன்?

மதுரை, முன்னாள் விலங்கியல் மாணவர்

சேலம் அம்மா சொல்வது சரி. நான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்தவன். உறங்கும், விழிக்கும் வேளைகளை உடலுக்குள்ளிருந்தே வகுக்கும் உடற்கடிகாரம் பற்றிய ஆய்வில் இந்தியாவின் முன்னோடியான பேராசிரியர் சந்திரசேகரன் அங்கேதான் பணியாற்றினார். கடிகாரமும் வெயிலும் எட்டாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்து அவர்களது உறக்கத்தையும் விழிப்பையும் பதிவு செய்தவர். என் மனத்தில் நிற்பது அவருடைய குழு ஆய்வு செய்த வௌவால் குகை. உள்ளே நம் கையே நமக்குத் தெரியாது, எச்சத்தின் நெடி கண்ணைக் கரிக்கும். வெளியே வெளிச்சம் மங்கும் வேளையில், அதைப் பார்க்க வழியில்லாத அந்த இருட்டில், தலைக்குமேல் முதலில் ஒரு சலசலப்பு. பிறகு முகத்தில் காற்றடிக்க நூற்றுக்கணக்கான சிறகுகள். தனியே கூண்டில் வைத்த வௌவால்கூடக் குகையில் தன் இனம் பறந்து போய்வந்தால் அதோடு தன் நேரத்தைப் பொருத்திக்கொள்ளும், இனமே இல்லாத குகையில் வைத்தால் தன்போக்கில் விலகிப்போகும் என்று 1981இல் அக்குழு எழுதியது.

மில்காரர் அண்ணனுக்கு ஒன்று: மனித உடற்கடிகாரத்தின் சுற்று, சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். அதனால் உறங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது முன்னே இழுப்பதைவிடப் பெரும்பாலோருக்கு எளிது. உங்கள் மேலாளர் செய்தது சரியான காரியம். சகோதரிக்கு: இரவில் உறங்குபவர்களின் உடல் வெப்பம் மிகக் குறைந்திருப்பதும் கவனம் மிக மங்குவதும் ஏறக்குறைய நீங்கள் சொன்ன அந்த வேளையில்தான். ஐந்து இரவு விழித்ததால் மட்டும் உள்ளே இருக்கும் கடிகாரம் திரும்பிவிடாது. அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுவுலை விபத்து 1979 மார்ச் 28 அன்று தொடங்கியதும் அதிகாலை நான்கு மணிக்கே.

நாகர்கோவில் செவிலியர்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா நல்லெண்ணத்தில் எழுதினார் என்பது புரிகிறது; ஆனால் வைகறை வார்டில்தான் கழிகிறது. இப்போது எங்கள் வார்டில் மூன்று மணிக்குமேல் எடுக்கும் குப்பியின் பெயரை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் கேட்டுத் தலையசைத்த பிறகே கழுத்தை உடைக்கிறோம். பொட்டாசியத்தைத் தனி அலமாரிக்கு மாற்றிவிட்டோம்.

அன்று நடந்ததைப் பதிவேட்டில் எழுதினேன். அந்த அம்மாள் மூன்றாம் நாள் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டபோது என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவர் எதைத் தடுத்தார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.