69 செவெலுக்கு 2400 ஸ்டாலா, 3000 ஸ்டாலா?

வணக்கம். பழைய அமெரிக்கக் கார்களில் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் பாகம்) மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள். தலைப்பில் உள்ள ஸ்டால் என்பது, காரை நகரவிடாமல் பிடித்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் அந்தக் கன்வெர்ட்டரோடு இன்ஜின் எட்டும் உச்ச ஆர்பிஎம்.

கார் 1969 செவர்லே செவெல். 350 கன அங்குல வி8, டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின் ஆக்சில் விகிதம் 3.31, டயர் உயரம் 26 அங்குலம். ஓவர்டிரைவ் (ஹைவேயில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் உயர் கியர்) இல்லாததால் 65 மைல் வேகத்திலேயே இன்ஜின் ஏறக்குறைய 2800 ஆர்பிஎம் சுற்றும்.

புது கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) 0.050 அங்குல லிஃப்ட்டில் 224 டிகிரி. அதனால் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை மந்தம். சிக்னலில் டிரைவில் பிரேக்கை மிதித்து நின்றால் ஐடில் சரிந்து இன்ஜின் அணையப் பார்க்கிறது. கம்பெனி கன்வெர்ட்டரை மாற்றியே ஆக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கடைக்காரர் 3000 போடச் சொல்கிறார். ஆனால் ஹைவேயில் நான் ஓடுவதே அதற்குக் கீழே. கன்வெர்ட்டரில் வழுக்கல் கூடி கியர்பாக்ஸ் ஆயில் சூடேறுமோ என்பதுதான் கவலை, ஏனென்றால் இது டிராக்குக்குப் போகாத, குடும்பத்தோடு போய்வரும் கார். என் மனம் 2400 பக்கம் சாய்கிறது. கன்வெர்ட்டர் வரும் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் ஸ்டால் எண்ணும் நிலையானதல்ல. அதே கன்வெர்ட்டர் டார்க் (முறுக்கு விசை) அதிகமுள்ள 454 கன அங்குல இன்ஜினுக்குப் பின்னால் இன்னும் மேலே ஸ்டால் ஆகும்.

இதே மாதிரி கேமும் ஆக்சிலும் வைத்திருப்பவர்கள் எந்த ஸ்டால் போட்டீர்கள்? சிக்னலில் ஐடில் நின்றதா? எதைப் போட்டாலும் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கூலர் வைக்கப் போகிறேன். அது ரேடியேட்டருக்கு முன்னால் தனியாகப் போதுமா, ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரோடு சேர்த்து இணைக்க வேண்டுமா?