ஹாஷிமோட்டோ: டி.எஸ்.எச். இறங்கியும் முடி கொட்டுவது நிற்கவில்லை, ஏன்?

தேன்முல்லை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 36 வயது. ஏழு மாதம் முன்பு ஹாஷிமோட்டோ (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) இருப்பது தெரிந்தது. டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறுகிற ஹார்மோன்) 41, தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ. ஆன்டிபாடியும் மிக அதிகம். தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் 75 ஆக்கினார்கள். நான்காம் மாதப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 3.8. மலச்சிக்கல் போனது, முக வீக்கம் வடிந்தது, மாடி ஏற முடிந்தது. முடி கொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

ஐந்து வாரம் முன்பு மறுபடி எடுத்தபோது டி.எஸ்.எச். 0.2, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அளவுக்கு மேல். மருந்து கூடிவிட்டது என்று திரும்பவும் 50-க்கு இறக்கினார்கள். மருந்து கூடினால் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் எல்லாம் வருமாம். எனக்கு ஒன்றுமே இல்லை. இப்போது குளிர் தாங்காமல் பட்டப்பகலில் காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முன்பு ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றினாலே இறுகும். இப்போது நான்கு சுற்று சுற்றியும் நழுவுகிறது. புருவத்தின் வெளி ஓரம் மெலிந்து தோல் தெரிகிறது. நேற்று என் ஆறு வயது மகள் தன் புத்தகப் பையில் ஒட்டியிருந்த முடியை எடுத்து, "அம்மா, இது உன்னோடது, வச்சுக்கோ" என்று என் கையில் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டி.எஸ்.எச். சரியானால் முடி தானாக வளரும் என்றுதானே சொல்கிறார்கள்?

நிலாமுற்றம்:

வளரும், ஆனால் உடனே வளராது. தைராய்டு குறைந்தால் நிறைய வேர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அந்த முடிகள் அன்றைக்கே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். ஆக, இன்று சீப்பில் வருவது முன்பு நடந்ததன் விளைவு. மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களில் சிலருக்கு இன்னும் அதிகமாகவே கொட்டும். எனக்கும் அப்படித்தான். பயந்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

வேம்பு:

தேன்முல்லை, பதினோரு வருடமாக எனக்கும் இதே நோய். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். என்னை உறுத்துவது முடி இல்லை, அந்த 0.2. டி.எஸ்.எச். அவ்வளவு இறங்கியவர் காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் உடம்பும் காகிதமும் வேறு வேறு கதை சொல்கின்றன.

ஒன்று கேட்கிறேன். நான்காம் மாதத்துக்கும் அந்தப் பரிசோதனைக்கும் நடுவில் முடிக்கென்று ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா? அதில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கிறதா, எத்தனை மில்லிகிராம் என்று அட்டையின் பின்பக்கம் பாருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனை அளக்கவே பயோட்டினைப் பிடிமானமாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் அந்தக் கணக்கு குழம்பிவிடும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும். பார்ப்பவருக்கு மருந்து கூடிவிட்ட மாதிரியே தெரியும். முடிக்கான மாத்திரைகளில் 5, 10 மில்லிகிராம் சாதாரணம், ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படுவதோ 30 மைக்ரோகிராம் அளவுதான். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொல்கிறது.

அப்புறம், ஃபெரிட்டின் பார்த்தீர்களா? இரும்புச் சேமிப்பு குறைந்திருந்தால் தைராய்டு சரியானாலும் முடி கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

தேன்முல்லை:

வேம்பு அக்கா, அட்டையை எடுத்துப் பார்த்தேன். 10 மில்லிகிராம். ஐந்தாம் மாதம் ஆரம்பித்தது, ஒரு நாள்கூட விட்டதில்லை. ரத்தம் கொடுக்கப் போன அன்று காலையிலும் போட்டுக்கொண்டுதான் போனேன். வைட்டமின்தானே என்று டாக்டரிடம் சொல்லவே இல்லை. ஃபெரிட்டின் யாரும் பார்க்கவில்லை.

கல்வாழை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பரவலாகக் கொட்டுகிறதா, இல்லை எங்காவது வட்டமாக, வழவழவென்று திட்டு விழுந்திருக்கிறதா? எனக்கும் ஆன்டிபாடி உண்டு. தாடையில் ஒரு திட்டு, பிறகு பின்னந்தலையில் ஒன்று. முடி வெட்டுபவர் சொல்லித்தான் தெரியும். அது அலோபேசியா அரேட்டா. அங்கே உடம்பின் எதிர்ப்புச் சக்தி வேர்க்காலையே தாக்குகிறது. தைராய்டு ஆன்டிபாடி உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிற நோய், ஆனால் தைராய்டு மாத்திரையால் அது தீராது. தோல் மருத்துவரிடம் போக வேண்டும். எனக்குத் திட்டிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வேறு யாரையாவது வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நம் பின்னந்தலை நமக்குத் தெரியாது.

தேன்முல்லை:

தங்கையை ஜன்னல் பக்கம் வைத்து வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். திட்டு எதுவும் இல்லை, எங்கும் ஒரே மாதிரி மெலிந்திருக்கிறதாம்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். இன்று காலை வந்தது. டி.எஸ்.எச். 13.6. டி4 குறைவு. ஃபெரிட்டின் 9. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். ஐந்து வாரமாகச் சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுபடி 75. கூடவே இரும்பு மாத்திரை. எட்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

வேம்பு:

அழுததில் தப்பே இல்லை. அந்தக் களைப்பு உண்மையானதுதான்.

இரும்பு மாத்திரையைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள், இது முக்கியம். நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கால்சியத்துக்கும் அதே கணக்கு. நான் தைராய்டு மாத்திரையைக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, இரும்பை இரவுக்கு வைத்துக்கொள்வேன்.

இப்போதைக்கு முடியை எண்ணாதீர்கள். மாதம் ஒரு தடவை, அதே ஜன்னலில், அதே வெளிச்சத்தில் வகிட்டைப் படம் எடுத்து வையுங்கள். புது முடி வந்தாலும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நான்கைந்து படம் சேர்ந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், நான் பார்ப்பேன்.